உகாண்டாவில் பிள்ளைகள் இல்லம் நடத்தப் போகும் குடும்பத்தின் நாள் எப்படிப் போகும்?

கேள்வி இதுதான்: "எங்கள் சபையிலிருந்து ஒரு குடும்பம், தங்கள் இரண்டு பிள்ளைகளோடு, உகாண்டாவில் ஜின்ஜா பக்கம் ஓர் அநாதைப் பிள்ளைகள் இல்லத்தில் ஊழியம் செய்யப் போகிறார்கள். சபைதான் தாங்கப் போகிறது. அங்கே அவர்களுடைய அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? என்ன சிரமங்கள் வரும்? நாங்கள் எதில் கவனமாக இருக்க வேண்டும்?"

நான் ஊழியக்காரன் இல்லை. அந்த ஊரில் கணக்கு வேலை பார்த்தவன். ஓய்வு நேரத்தில் சில பிள்ளைகள் இல்லங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், அவர்கள் வீட்டில் சாப்பிட்டும் இருக்கிறேன். ஆகவே இந்தப் பதிலில் பேரேட்டு வாசனை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

ஜெபக் கடிதத்தில் வரும் படங்களில், மிஷனெரி மரத்தடியில் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து வேதம் சொல்லிக்கொண்டிருப்பார். அது பொய்யில்லை. ஆனால் ஒரு நாளில் அது அரை மணி நேரம். மற்ற நேரமெல்லாம் சாமான் வாங்குவது, வரிசையில் நிற்பது, ஆஸ்பத்திரிக்கு ஓடுவது, ரசீது எழுதுவது, யாரையோ சமாதானப்படுத்துவது. பாரத்தோடு போகிற பல குடும்பங்கள் முதல் வருஷத்திலேயே தடுமாறுவதற்குக் காரணம் கொசுவோ வெயிலோ இல்லை. 'இதற்காகவா வந்தோம்' என்ற கேள்விதான்.

நாள் எப்படித் தொடங்கும் என்று பார்ப்போம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர் என்பதால் வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே நேரத்தில், காலை ஆறே முக்கால் வாக்கில் விடியும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதற்கு முன்பே கிளம்பிவிட வேண்டும். ஆகவே சமையல்காரம்மா இருட்டிலேயே விறகடுப்பு மூட்டிச் சோளமாவுக் கஞ்சி வைப்பார். தண்ணீர் குழாயில் வந்தால் நல்லது. வராத நாளில் மஞ்சள் நிற இருபது லிட்டர் ஜெரிகேன்களைப் பெரிய பையன்கள் தூக்கி வருவார்கள். மின்சாரம் முன்பணம் கட்டும் மீட்டர். ஃபோனில் பணம் கட்டினால் வரும் நீளமான எண்ணை மீட்டரில் அடிக்க வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்கு யூனிட் தீர்ந்துபோனால் எழுப்பப்படுவது இல்லத்தை நடத்தும் தகப்பன்தான்.

சாப்பாடு பெரும்பாலும் போஷோவும் பீன்ஸும். போஷோ என்பது வெள்ளைச் சோளமாவைக் கெட்டியாகக் கிண்டியது, நம்மூர் களி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை சோறும் இறைச்சியும், இல்லாவிட்டால் வேகவைத்து மசித்த மட்டோக்கே வாழைக்காயும் நிலக்கடலைக் குழம்பும். உங்கள் குடும்பம் கன்னியாகுமரிப் பக்கம் என்றால் சாப்பாட்டு விஷயத்தில் கவலையே வேண்டாம். மரச்சீனிக் கிழங்கும் ஏரி மீனும் பலாப்பழமும் அங்கே தாராளம். உளுந்தும் புளியும் தலைநகர் கம்பாலாவின் இந்தியக் கடைகளில் கிடைக்கும். ஜின்ஜாவிலிருந்து கம்பாலா சுமார் 80 கிலோமீட்டர், ஆனால் லாரி நெரிசலில் அரை நாளை விழுங்கிவிடும்.

நாற்பது பிள்ளைகள் இருக்கும் இல்லத்துக்கு ஒரு நாளைக்குச் சோளமாவே பதினான்கு, பதினைந்து கிலோ வேண்டும். பீன்ஸ் ஐந்தாறு கிலோ. அந்தப் பக்கம் வருஷத்துக்கு இரண்டு விளைச்சல். அறுவடை முடிந்த கையோடு மூட்டைக்கணக்கில் வாங்கிப் போட்டால் ஒரு விலை, அடுத்த அறுவடைக்கு முந்தைய மாதத்தில் வாங்கினால் வேறு விலை, சில வருஷம் இரட்டிப்புக்குப் பக்கத்தில் போய்விடும். இது தெரிந்த குடும்பம் வருஷத்துக்குப் பெருந்தொகை மிச்சம் பிடிக்கும். ஆனால் மொத்தமாக வாங்க ஒரே நேரத்தில் கையில் பணம் வேண்டும். ஊரிலிருந்து காணிக்கை மாதாமாதம் துளித்துளியாக வந்தால் அவர்கள் எப்போதும் உச்ச விலையில்தான் வாங்குவார்கள். மூட்டையை வாங்கிவிட்டு ஈரத்தில் போட்டாலும் வம்பு. பூஞ்சை பிடித்த சோளத்திலும் கடலையிலும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உருவாகும், வேகவைத்தாலும் போகாது. நான் பார்த்ததில் நன்றாக நடந்த ஓர் இல்லத்தில், போதகர் படிப்புப் படித்த மனுஷன் மூட்டைக்குள் கையை விட்டு, நாலு சோளமணியை எடுத்துப் பல்லால் கடித்து, சத்தத்தை வைத்தே சரியாகக் காய்ந்திருக்கிறதா என்று சொல்லுவார். வியாபாரிகள் அவரிடம் வாலாட்ட மாட்டார்கள்.

அடுத்தது காய்ச்சல். விக்டோரியா ஏரியைச் சுற்றி மலேரியா வருஷம் முழுக்க உண்டு. ஒரு பிள்ளை சுருண்டு படுத்தால் விரலில் குத்தி ரேபிட் டெஸ்ட், பாசிட்டிவ் என்றால் மூன்று நாளைக்கு ஆர்ட்டிமீத்தர் கலந்த மாத்திரை, வாந்தியும் வலிப்பும் வந்தால் ஊசிக்கு ஆஸ்பத்திரி. இதைப் பெற்றோர் சீக்கிரமே பழகிவிடுவார்கள். பழகக் கஷ்டமானது ராத்திரி முடிவுதான். இரண்டு மணிக்கு ஒரு பிள்ளைக்கு நூற்று மூன்று டிகிரி. கிளம்பினால் வீட்டில் மனைவி தனியாக, மற்ற பிள்ளைகளோடு. கிளம்பாமல் காலைவரை பார்க்கலாமா? ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் காத்திருக்கக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த மாதத்தில் அது எத்தனையாவது ராத்திரி என்பதும் உடம்புக்குத் தெரியும். ஏரித் தண்ணீரில் இறங்கினால் நத்தைக் காய்ச்சல் எனப்படும் பில்ஹார்சியா, மண்தரையில் வெறுங்காலோடு நடந்தால் விரலுக்குள் துளைத்து முட்டையிடும் மணல் தெள்ளு, சில பிள்ளைகளுக்கு சிக்கிள் செல் என்னும் பரம்பரை ரத்த நோய். எச்ஐவியோடு பிறந்த பிள்ளைகளுக்கு நாள் தவறாமல் மாத்திரை. அந்த மருந்துகளில் பெரும்பங்கு அமெரிக்க அரசின் பெப்ஃபார் திட்டப் பணத்தில் இலவசமாக வந்தவை. 2025 ஜனவரியில் அந்நாடு வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, கிளினிக் திறந்திருக்குமா என்ற கவலை இந்த வீடுகளின் சமையலறை வரைக்கும் வந்தது.

பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தைப் பார்த்தால்தான் இந்தக் குடும்பங்களின் பாடு முழுதாகப் புரியும். உகாண்டாவில் 1997லேயே அரசு ஆரம்பப் பள்ளிக் கட்டணத்தை ரத்து செய்துவிட்டது. ஆனால் மதியச் சாப்பாடு, சீருடை, தேர்வு என்று ஏதாவது ஒரு பெயரில் பணம் கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகளை விடுதிப் பள்ளியில் சேர்ப்பது அங்கே பரவலான வழக்கம். வருஷத்துக்கு மூன்று பருவம். ஒவ்வொரு பருவத்துக்கும் பள்ளி ஒரு பட்டியல் தரும். அதில் கட்டணம் மட்டுமா இருக்கும்? வெள்ளைத்தாள் ரீம், துடைப்பம், டாய்லெட் பேப்பர் சுருள்கள், துணிசோப்பு, சர்க்கரை, தரை துடைக்கும் குச்சி. தகரப் பெட்டியும் மெத்தையும் தனி. பன்னிரண்டு பிள்ளைகளை விடுதிக்கு அனுப்பும் வீட்டு வராந்தாவைக் கற்பனை செய்யுங்கள். பன்னிரண்டு தகரப் பெட்டி, பெட்டி மேல் பெயின்ட்டில் பெயர், பக்கத்தில் துடைப்பங்கள் அடுக்கி வைத்திருக்கும். ஒரு பெட்டியில் சோப்பு குறைந்தாலும் வாயிலில் ஆசிரியர் அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பலாம். இல்லத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய அவமானம். தாயார் ஒவ்வொரு பெட்டியையும் இரண்டு தடவை எண்ணுவதைப் பார்த்திருக்கிறேன். இந்த மூன்று பருவத் தொடக்கத்தில்தான் வருஷச் செலவின் பெரும்பகுதி போகும். சபையின் பட்ஜெட்டை பன்னிரண்டால் வகுத்து அனுப்பாதீர்கள்.

இனி அவர்களுடைய சொந்தப் பிள்ளைகள். இதைப்பற்றி ஊழியக் கூட்டங்களில் அதிகம் பேசுவதில்லை. தகப்பனை நாற்பது பேர் அப்பா என்று கூப்பிடும் வீட்டில், சொந்த மகனுக்கு அப்பா கிடைப்பது நாற்பத்திரண்டில் ஒரு பங்கு. மகளுக்குப் பிறந்தநாள் என்று ஊரிலிருந்து பாட்டி ஒரு நல்ல ஃபிராக் அனுப்பினால், அதைப் போட்டுக்கொண்டு வெளியே வரலாமா கூடாதா என்று தாயார் யோசிக்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் ஏங்கிப் போவார்கள் என்று ஒளித்துவைத்தால் சொந்தப் பிள்ளை ஏங்கும். சில வீடுகளில் சொந்தப் பிள்ளைகளையும் இல்லத்துப் பிள்ளைகளோடு ஒரே பந்தியில், ஒரே அறையில் வைப்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். என் அபிப்பிராயம், அது வேண்டாம். இரண்டு வயதில் இழப்பைப் பார்த்த பிள்ளைகளும், பெற்றோரின் மடியில் வளர்ந்த பிள்ளைகளும் வேறு வேறு கவனம் தேவைப்படுகிறவர்கள். குடும்பத்துக்கென்று ஒரு கதவும், வாரத்தில் ஒரு நாளும் வேண்டும். அந்த நாளில் தகப்பன் ஃபோனை அணைத்துவிட வேண்டும். பாதுகாப்புக் காரணமும் உண்டு. எந்தப் பிள்ளையோடும் எந்தப் பெரியவரும் தனியறையில் இருக்கக்கூடாது என்பது இன்று எல்லா நல்ல இல்லங்களிலும் எழுதப்பட்ட விதி. மிஷனெரிக்கும் அது பொருந்தும், அவர் மகனுக்கும் பொருந்தும்.

படிப்பு விஷயத்தில் பழைய தலைமுறை பிள்ளைகளை விடுதிக்கு அனுப்பிவிட்டது. கொடைக்கானலில் 1901ல் தொடங்கிய பள்ளி அமெரிக்க மிஷனெரிப் பிள்ளைகளுக்காகத்தான். கென்யாவில் கிஜாபேயில் இருக்கும் ரிஃப்ட் வேலி அகாடமி 1906ல் அதே தேவைக்கு வந்தது. நம்முடைய நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு வடநாட்டு ஊழியர்களின் பிள்ளைகளுக்காக டோனாவூரில் சந்தோஷ வித்யாலயா நடத்துகிறது. அந்தப் பள்ளிகளில் படித்தவர்களைக் கேட்டால் பாதிப் பேர் நன்றியோடும் பாதிப் பேர் தழும்போடும் பேசுவார்கள். இப்போது பல குடும்பங்கள் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கின்றன. கேட்க எளிது. நடைமுறையில் தாயாருடைய காலை நான்கு மணி நேரம் அதற்கே போகும். அதே நான்கு மணி நேரத்தில்தான் வாசலில் ஆள் வருவார்கள்.

ஆம், வாசல். வெளிநாட்டிலிருந்து வந்து அநாதைகளுக்குச் சோறு போடுகிறவர்கள் வீட்டு வாசலில் தினமும் யாராவது நிற்பார்கள். மருந்துச் சீட்டோடு ஒருவர், பள்ளிக் கட்டணச் சீட்டோடு ஒருவர், அடக்கச் செலவுக்கு ஒருவர். எல்லாம் உண்மையாகவும் இருக்கும். கொடுத்தால் நாளைக்கு வரிசை நீளும். கொடுக்காவிட்டால் ராத்திரி தூக்கம் வராது. அனுபவமுள்ள குடும்பங்கள் இந்த முடிவைத் தாங்கள் எடுப்பதில்லை. உள்ளூர்க்காரர் இரண்டு மூன்று பேர் கொண்ட குழுவிடம் மாதத்துக்கு ஒரு தொகையைக் கொடுத்து, 'அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள்' என்று விடுகின்றன. உள்ளூர்க் குழுவுக்கு யார் வீட்டில் மாடு இருக்கிறது, யார் வீட்டில் இல்லை என்பது தெரியும்.

இந்தியக் குடும்பத்துக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல். அங்கே வெள்ளைக்காரர் வந்தால் மிஷனெரி, இந்தியர் வந்தால் கடைக்காரர் அல்லது கம்பெனி மேனேஜர். ஜின்ஜாவை அடுத்த கக்கிரா சர்க்கரை ஆலை இந்தியக் குடும்பம் உருவாக்கியது. நகரத்தின் பழைய கடைவீதிக் கட்டடங்களில் இன்னும் குஜராத்திப் பெயர்கள் தெரியும். 1972ல் இடி அமீன் ஆசியர்களைத் துரத்தியதும், பின்னால் பலர் திரும்பி வந்ததும் ஊர்ப் பேச்சில் இன்றும் உண்டு. ஆகவே உங்கள் குடும்பத்தைப் பார்த்ததும் 'உங்கள் கடை எங்கே' என்றுதான் கேட்பார்கள். 'கடை இல்லை, பிள்ளைகளைப் பார்க்க வந்தோம்' என்றால் நம்ப ஒரு வருஷம் ஆகும். நம்பிய பிறகு வரும் உறவு ஆழமானது. வெள்ளைக்காரரிடம் பேசத் தயங்குவதையெல்லாம் இவர்களிடம் பேசுவார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. இப்போது சொல்லப்போவதுதான் நீங்கள் முக்கியமாக யோசிக்க வேண்டியது. அந்த இல்லத்தில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர், நாம் புரிந்துகொள்ளும் அர்த்தத்தில் அநாதைகளாக இருக்க மாட்டார்கள்.

உலகத்தில் பதினான்கு கோடி அநாதைகள் என்று ஒரு கணக்கு கூட்டங்களில் அடிபடும். யூனிசெஃப் 2015க்குச் சொன்ன மதிப்பீடு அது. ஆனால் அந்தக் கணக்கில் தாய் தகப்பன் இருவரில் ஒருவரை இழந்தவரும் சேர்த்தி. இருவரையும் இழந்தவர்கள் ஒன்றரைக் கோடிப் பேர்தான். இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார் என்று சேவ் த சில்ட்ரன் அமைப்பு 2009ல் எழுதியது. உகாண்டாவில் எய்ட்ஸும் வடக்கே நடந்த போரும் உண்மையிலேயே ஒரு தலைமுறையைப் பெற்றோர் இல்லாமல் ஆக்கின. அந்தக் காலத்தில் தொடங்கிய இல்லங்கள் ஏராளம். ஆனால் மருந்து வந்தது, போர் வடக்கை விட்டு நகர்ந்தது, இல்லங்கள் மட்டும் குறையவில்லை. பிறகு பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள்? வறுமையிலிருந்து. ஒரு பாட்டிக்கு மூன்று பேரப்பிள்ளைகள், ஒருவனுக்குத்தான் கட்டணம் கட்ட முடிகிறது. பக்கத்தில் ஓர் இல்லம் மூன்று வேளைச் சாப்பாடும் இங்கிலீஷ் படிப்பும் தருகிறது. அந்தப் பாட்டி என்ன செய்வாள்? நம்மூரில் ஹாஸ்டலில் விடுவதைப் போலத்தான் அவள் நினைத்துக் கொண்டுவந்து விடுகிறாள். இங்கே வந்ததும் அந்தப் பிள்ளை 'அநாதை' ஆகிவிடுகிறது, போட்டோவில், ஜெபக் கடிதத்தில்.

இது சில இடங்களில் தொழிலாகவே மாறியது. கிராமத்தில் ஆள் பிடித்து, நல்ல படிப்பு என்று சொல்லிப் பிள்ளைகளை வாங்கி, வெளிநாட்டுத் தத்துக்கு அனுப்பிய வழக்கில் 2020 ஆகஸ்டில் அமெரிக்க நிதித்துறை உகாண்டா நீதிபதிகள் இருவர் உட்படச் சிலர் மீது தடை விதித்தது. பிள்ளைகளை இல்லங்களுக்குக் கடத்துவதை நவீன அடிமைத்தனத்தின் ஒரு வடிவமாக ஆஸ்திரேலியா 2018ல் சட்டம் கொண்டுவந்தபோது அங்கீகரித்தது. உங்கள் குடும்பம் சேரப்போகும் இல்லம் அப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நல்லவர்கள் நடத்தும் இல்லமும் காலியான கட்டிலைப் பார்த்தால் அதை நிரப்பத்தான் பார்க்கும். நான் கணக்கில் பார்த்தது இதுதான்: காணிக்கை தலைக்கு இத்தனை என்று வரும். பத்துப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினால் வருமானம் கால்பங்கு குறையும், வாடகையும் சம்பளமும் குறையாது. யாருடைய மனசும் கெட்டுப்போகாமலே அந்த இல்லம் பிள்ளைகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

இல்லத்தில் நல்ல சாப்பாடும் அன்பும் இருந்தால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பீர்கள். ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 2000களின் தொடக்கத்தில் இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களில் வைத்து ஆராய்ந்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள், அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள், புத்தி வளர்ச்சியிலும் ஒட்டுறவிலும் தெளிவாக முன்னால் வந்தார்கள். அங்கே இல்லங்கள் மோசமானவை, இங்கே அப்படியில்லை என்று வாதாடலாம். ஆனால் நீங்கள் எந்த இல்லத்துக்குள் நுழைந்தாலும் மூன்று வயதுக் குழந்தை ஓடிவந்து முன்பின் தெரியாத உங்கள் காலைக் கட்டிக்கொள்ளும். விருந்தாளிகள் கண்கலங்குவார்கள். குடும்பத்தில் வளரும் மூன்று வயதுக் குழந்தை அந்நியரைக் கண்டால் அம்மா முந்தானைக்குப் பின்னால் ஒளியும். கட்டிக்கொள்ளும் குழந்தைக்கு ஒளிந்துகொள்ள யாரும் இல்லை.

இந்தக் காரணத்தால்தான் சபைக் குழுக்கள் பத்து நாள் பயணமாகப் போய் சுவருக்குப் பெயின்ட் அடித்து, பாட்டுச் சொல்லிக்கொடுத்து, அழுதுகொண்டே விமானம் ஏறுவதை நான் ஊக்குவிப்பதில்லை. பெயின்ட் அடிக்க ஜின்ஜாவில் ஆள் இருக்கிறார்கள், கூலியும் தேவைப்படுகிறது. அந்தப் பத்து நாளும் மிஷனெரி தாயார் சமையலறையை விட்டு வெளியே வரமாட்டார் என்பது வேறு விஷயம்.

சட்டமும் இந்தத் திசையில்தான் போகிறது. உகாண்டாவின் 2012 மாற்றுப் பராமரிப்பு நெறிமுறை, பிள்ளைக்கு முதலில் சொந்தக் குடும்பம், அடுத்து உறவினர், அடுத்து வளர்ப்புக் குடும்பம், கடைசியில்தான் இல்லம் என்கிறது. இல்லம் அரசு அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் நீதிமன்றப் பராமரிப்பு ஆணை வேண்டும். மாவட்ட நன்னடத்தை மற்றும் சமூகநல அலுவலர் வந்து பார்ப்பார். 2016ல் சிறுவர் சட்டத்தைத் திருத்தியபோது, வெளிநாட்டவர் சட்டப் பாதுகாவலர் என்ற பெயரில் பிள்ளையைக் கொண்டுபோகும் வழியையும் அடைத்துவிட்டார்கள். ருவாண்டா 2012ல் தொடங்கி இல்லங்களையே மூடும் தேசியத் திட்டத்தை நடத்தியது. ஆகவே உங்கள் குடும்பம் இருபது வருஷத் திட்டத்தோடு ஒரு கட்டடம் கட்டப் போகிறது என்றால், அந்தக் கட்டடம் பாதி வழியில் வேறு வேலைக்கு மாறத்தான் வேண்டியிருக்கும்.

பிள்ளைகளை வீடு சேர்க்கும் வேலை எப்படி நடக்கிறது என்று ஒரு நாள் கூடப்போய்ப் பார்த்தேன். சமூகப் பணியாளர் ஒருவர், இல்லத்தை நடத்தும் தம்பதியில் மனைவி, ஒன்பது வயதுப் பையன், நான். போடாபோடா என்னும் வாடகை மோட்டார் சைக்கிள்கூடப் போக முடியாத ஒற்றையடிப் பாதை. முதலில் கிராமத் தலைவர் வீடு. எழுதிய கடிதத்தைக் காட்டி, முத்திரை வாங்கி, அவரையும் கூட்டிக்கொண்டுதான் பாட்டி வீட்டுக்குப் போகவேண்டும். பாட்டி முழங்கால் போட்டு வரவேற்றாள், பாய் விரித்தாள். பிறகு இரண்டு மணி நேரம் பேச்சு, ஒரு வார்த்தைகூட உணர்ச்சிவசப்பட்டது இல்லை. எங்கே படுப்பான், கொசுவலை இருக்கிறதா, பள்ளி எவ்வளவு தூரம், மாமன் குடிப்பானா, நிலம் யார் பெயரில். இல்லத்தில் இவனுக்கு ஆகும் மாதச் செலவில் ஒரு பகுதியைப் பள்ளிக்கு நேராகக் கட்டுவோம், பாட்டிக்கு இரண்டு பெண் ஆடு வாங்கித் தருவோம் என்றார்கள். பாட்டி ஆடு வேண்டாம், பன்றி கொடு, சீக்கிரம் குட்டி போடும் என்று பேரம் பேசினாள். பையன் அதற்குள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பலாமரத்தடிக்குப் போய்விட்டான். அன்றைக்கே விட்டுவிட்டு வருவதில்லை. முதலில் ஒரு வாரயிறுதி, பிறகு பள்ளி விடுமுறை, பிறகுதான் நிரந்தரம். அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் போய்ப் பார்க்க வேண்டும். சில பிள்ளைகளுக்கு அது சரிப்படாது. அடிக்கும் வீடு உண்டு, ஏற்றுக்கொள்ள ஆளே இல்லாத பிள்ளை உண்டு. அவர்களுக்கு உள்ளூர் வளர்ப்புக் குடும்பம் தேட வேண்டும். கம்பாலாவில் சைல்ட்ஸ் ஐ ஃபவுண்டேஷன் கைக்குழந்தைகள் இல்லமாகத் தொடங்கி, பிறகு பிள்ளைகளைக் குடும்பங்களில் சேர்க்கும் வேலைக்கே மாறியது. உகாண்டாக்காரர்கள் தத்தெடுக்க மாட்டார்கள் என்ற பேச்சு பொய் என்று அவர்கள் காட்டினார்கள்.

இந்த வேலை போட்டோவில் வராது. நாற்பது பிள்ளைகள் வரிசையாக நின்று பாடுவது வரும். முப்பது கிராமத்தில் முப்பது பிள்ளைகள் தங்கள் பாட்டிகளோடு இருப்பது எப்படி வரும்? உங்கள் மிஷனெரி இந்த வழியில் போனால், அடுத்த வருஷ அறிக்கையில் 'இல்லத்தில் பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தது' என்று எழுதுவார். அப்போது கமிட்டியில் யாராவது 'அப்படியானால் காணிக்கையையும் குறைக்கலாமே' என்பார். அந்த இடத்தில் நீங்கள் எழுந்து பேச வேண்டியிருக்கும். இப்போதே தயாராக இருங்கள்.

ஆபத்தைப் பற்றியும் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஜின்ஜா அமைதியான ஊர். சாலை விபத்துதான் அங்கே பெரிய பயம், அதிலும் போடாபோடா. எல்லா நாடும் அப்படியில்லை. ஹைட்டியில் 2021 அக்டோபரில் ஓர் அநாதை இல்லத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பதினேழு மிஷனெரிகளைக் கும்பல் ஒன்று கடத்தியது, அதில் ஐந்து பேர் சிறுபிள்ளைகள். தலைக்குப் பத்து லட்சம் டாலர் கேட்டார்கள். சிலர் இடையில் விடுவிக்கப்பட, கடைசியில் இருந்த பன்னிரண்டு பேர் டிசம்பரில் ராத்திரி நடந்தே தப்பித்தார்கள். எந்த நாடானாலும், என்ன நடந்தால் குடும்பம் கிளம்ப வேண்டும், யார் அதைச் சொல்ல வேண்டும் என்று போவதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். 'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்பது விசுவாசம், வெளியேறும் திட்டம் அதற்கு எதிரானது இல்லை.

பணத்துக்கு வருகிறேன். ஜார்ஜ் முல்லரைப்போல யாரிடமும் கேட்காமல் ஜெபத்தால் நடத்துவோம் என்று பல குடும்பங்கள் கிளம்புகின்றன. முல்லர் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் அநாதை இல்லங்கள் நடத்தி, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பராமரித்தார், உண்மை. ஆனால் வந்த ஒவ்வொரு காசையும் எழுதிவைத்து, வருஷா வருஷம் அச்சிட்டு வெளியிட்டார் என்பதைப் பிரசங்கங்களில் விட்டுவிடுகிறார்கள். உங்கள் குடும்பத்திடம் குடும்பச் செலவு தனிக் கணக்கு, இல்லச் செலவு தனிக் கணக்கு என்று முதல் நாளே கேளுங்கள். சந்தேகத்தால் இல்லை. இரண்டும் ஒரே கணக்கில் இருந்தால் இல்லத்தில் பணத்தட்டுப்பாடு வரும் மாதம் தாயார் தன் பல்வலியைச் சொல்ல மாட்டார்.

இங்கிருந்து அனுப்புவதிலும் ஒரு கண்ணி உண்டு. சபை அறக்கட்டளை தன் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவழித்தால், மத்திய நேரடி வரி வாரியத்தின் அனுமதி இல்லாதவரை அந்தத் தொகைக்கு வரி விலக்கு கிடைக்காது. தனிநபர்கள் ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில், வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வரம்புக்குள், அன்பளிப்பாகவோ நன்கொடையாகவோ வங்கி மூலம் அனுப்பலாம். உங்கள் ஆடிட்டரிடம் ஒரு முறை உட்கார்ந்து பேசிவிட்டுத் தொடங்குங்கள். போகிற சகோதரர் கையில் டாலரைக் கட்டிக் கொடுத்தனுப்பும் பழக்கத்தை விடுங்கள்.

கடைசியாக ஓய்வு. மிஷனெரி எமி கார்மைக்கேல் 1895ல் இந்தியா வந்து 1951ல் டோனாவூரில் இறக்கும்வரை ஒருமுறைகூட ஊருக்குத் திரும்பவில்லை என்பதை நாம் பெருமையாகச் சொல்வோம். அவருக்குக் கணவரும் பிள்ளைகளும் இல்லை. உங்கள் குடும்பத்துக்கு இரண்டு பிள்ளைகள், ஊரில் வயதான பெற்றோர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாலு பேருக்கும் டிக்கெட்டை முதல் நாளிலேயே பட்ஜெட்டில் தனியாக ஒதுக்குங்கள், வேறு எதற்கும் அதைத் தொடக்கூடாது என்று தீர்மானம் எழுதுங்கள். வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு சபை மேடையில் ஏற்றாதீர்கள். அவர்கள் இல்லாத இரண்டு மாதம் அங்கே யார் சாவியை வைத்திருப்பார், யார் காசோலையில் கையெழுத்துப் போடுவார் என்று கேளுங்கள். பதில் ஓர் உகாண்டாக்காரர் பெயராக இருந்தால், அவருக்கு என்ன சம்பளம் என்பதையும் கேட்டுவிடுங்கள்.